கள்ள நோட்டும் ஏழையின் கையும்

(கூட்டுறவுச் சங்க உறுப்பினர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



அரசுகள் நாணய நோட்டுக்களின் உருவத்தை ஏன் காலத்துக்குக் காலம் மாற்றுகின்றன, பழைய நோட்டு நன்றாய்த்தானே இருந்தது, புதியது எதற்கு என்று உங்களிற் பலர் எம்மிடம் கேட்டதுண்டு. கள்ள நோட்டைத் தடுப்பதற்காக என்று ஒரே வரியில் விடை கூறிவிடலாம். ஆனால், அந்த ஒரு வரிக்குள்ளே ஏழை மக்களின் கண்ணீரும் இருநூறாண்டுச் சரித்திரமும் அடங்கிக் கிடக்கின்றன. அதனையே இன்று சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

முதலில் ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். கத்தரிக்காயும் கீரைக்கட்டும் கடகத்திற் சுமந்து சந்தைக்கு வந்த ஒரு தாய், அந்தி சாயும் வேளையில் வீடு திரும்புகிறாள். அவள் மடியில் ஓர் ஆயிரம் ரூபா நோட்டு. மறுநாட் காலை அதனைக் கடையிலே நீட்டுகிறாள். கடைக்காரர் வெளிச்சத்திலே தூக்கிப் பார்க்கிறார், விரலாற் தடவுகிறார். “ஆச்சி, இது கள்ள நோட்டணை!” என்கிறார்.

அவ்வளவுதான்! அவளுடைய நாள் முழுவதன் உழைப்பும் ஒரு சொல்லில் மறைந்துவிட்டது. நோட்டை அச்சிட்டவன் எங்கோ இருக்கிறான். அதை அவளிடம் மாற்றியவன் கீரையையும் கொண்டு, மீதிக் காசையும் கொண்டு போய்விட்டான். பொலிசிலே ஒப்படைத்தால் நோட்டுப் போகும். அதற்கு ஈடாக நல்ல நோட்டு வராது. இது இலங்கையின் வழக்கம் மட்டுமன்று. உலகத்தில் ஏறத்தாழ எல்லா நாடுகளின் நடைமுறையும் இதுவே. கள்ள நோட்டுக் கடைசியாக எவர் கையிற் பிடிபடுகிறதோ, அவர் தலையிலேயே முழு நட்டமும் விழும்.

இந்த நடைமுறைக்கு நியாயமே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. கள்ள நோட்டுக்கு மாற்றாக வங்கி நல்ல நோட்டுக் கொடுக்கத் தொடங்கினால், கள்ளனுக்கு வங்கியைவிட நல்ல வாடிக்கைக்காரன் வேறு யார்? ஆனால், நட்டத்தை மக்கள் தலையிற் சுமத்தும் அரசுக்கு அதனோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது. எளிதிற் போலி செய்ய முடியாத நோட்டை, எழுத்தறியாதவரும் கண்ணாலும் கையாலும் அறிந்துகொள்ளத்தக்க நோட்டை மக்களுக்குக் கொடுப்பதே அந்தக் கடமை. இதனைச் செய்யாத அரசு, கள்ளனோடு சேர்ந்து ஏழையை வஞ்சிக்கிறது என்றே நாம் சொல்லுவோம்.

இது கடுஞ்சொல்லாகத் தோன்றலாம். இங்கிலாந்தின் கதையைக் கேட்டபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

தூக்குமேடையே காவல்!

இங்கிலாந்து வங்கி 1694ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நெடுங்காலமாக அதன் நோட்டுக்கள் பெரிய வணிகரும் நிலப்பிரபுக்களும் கையாளும் பெருந்தொகை நோட்டுக்களாகவே இருந்தன. 1793ஆம் ஆண்டில் வெளிவந்த 5 பவுண் நோட்டே அவற்றுட் சிறியது. பொதுமக்கள் பொன்னையும் வெள்ளியையும் செம்பையுமே காசாக அறிந்திருந்தார்கள்.

1797ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பிரான்சுடன் போர் நடந்துகொண்டிருந்தபோது, சிறிய பிரெஞ்சுப் படையொன்று வேல்சுக் கரையில் வந்திறங்கியது. நாடெங்கும் கிலி பிடித்தது. நோட்டு வைத்திருந்தவர்களெல்லாம் பொன் கேட்டு ஓடினார்கள். பெப்ரவரி 26ஆம் நாள் கோமறைக் கழகம், நோட்டுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்துமாறு வங்கிக்குக் கட்டளையிட்டது. பொன் மறைந்த இடத்தை நிரப்புவதற்காக அடுத்த மாதமே 1 பவுண், 2 பவுண் நோட்டுக்கள் வெளிவந்தன.

இங்கேதான் தீங்கு தொடங்கியது. அதுவரை வங்கித் தாளைத் தொட்டறியாத கொல்லனும் நெசவாளியும் சமையற்காரியும் தெரு வியாபாரியும் அன்றுமுதல் தாளைக் காசாக வாங்க வேண்டியவரானார்கள். அவர்களிற் பலருக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு பவுண் என்பதோ, சாதாரணக் கூலியாள் பலருக்கு ஒரு கிழமைக் கூலியினும் அதிகம்.

நோட்டு எப்படியிருந்தது? வெள்ளைத் தாள், கறுப்பு மை, ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சு. ஒரு வாக்குறுதி, ஓர் இலக்கம், ஒரு திகதி, குமாஸ்தா ஒருவரின் கையொப்பம். தாளுக்குள் நீர்க்குறி இருந்தது உண்மைதான். ஆனால், நோட்டையே முன்பின் அறியாத ஒருத்திக்கு நீர்க்குறியின் நயம் எப்படித் தெரியும்? செப்புத் தகட்டில் எழுத்துச் செதுக்கும் தொழில் அறிந்தவன் எவனும் அந்த நோட்டைப் போலி செய்யக்கூடியதாயிருந்தது. செய்தார்கள், கள்ள நோட்டு வெள்ளம்போற் பெருகிற்று.

நோட்டின் உருவத்தை மாற்றியமைத்திருக்கலாம். ஆனால், ஆட்சியாளர் நம்பியது அலுகோசையே! கள்ள நோட்டை அடிப்பவனுக்கு மட்டுமன்றி, கள்ள நோட்டென்று அறிந்து அதனை மாற்றுபவனுக்கும் மரணதண்டனை. 1801ஆம் ஆண்டில் இன்னுமொரு சட்டம் வந்தது: கள்ள நோட்டென்று அறிந்து கையில் வைத்திருந்தாலே 14 ஆண்டு நாடு கடத்தல். வழக்குகளைத் தேடிப்பிடித்து நடத்தியதும் வங்கியின் வழக்கறிஞர்களே. 1797ஆம் ஆண்டுக்கும் 1821ஆம் ஆண்டுக்கும் இடையில் 300க்கு மேற்பட்டோர் இந்தக் குற்றத்துக்காகத் தூக்கிலே தொங்கினார்கள்.

யார் அவர்கள்? தகடு செதுக்கிய கைகாரன் பெரும்பாலும் மறைவில் இருந்தான். கடையிலே ஒரு பவுண் நோட்டை நீட்டியவனும் நீட்டியவளும் அகப்பட்டார்கள். அவர்களில் அறிந்து செய்தவர்களும் உண்டு. பசிக்காகச் செய்தவர்களும் உண்டு. நோட்டுப் போலியென்பதற்கு நீதிமன்றத்திற் சாட்சி சொன்னவர்கள் வங்கியின் பரிசோதகர்கள். நல்லதையும் பொல்லாததையும் பிரித்தறிவதற்குத் தேர்ந்த பரிசோதகர் வேண்டுமென்றால், தெருவிலே மீன் விற்கும் பெண் அதனை எவ்வாறு அறிவாள்? இந்தக் கேள்வி மெல்லமெல்ல மக்கள் மனத்தில் எழலாயிற்று. 1818ஆம் ஆண்டில் இலண்டன் யூரிமார் சிலர், குற்றவாளியெனத் தீர்ப்பளிக்க மறுக்கவும் தலைப்பட்டனர்.

1819ஆம் ஆண்டில் ஜோர்ஜ் குறூக்சாங் என்னும் சித்திரக்காரர் ஒரு போலி நோட்டையே வரைந்து வெளியிட்டார். யாரையும் ஏமாற்றுவதற்காகவன்று, ஆட்சியாளரின் மனச்சாட்சியை உறுத்துவதற்காக! பவுண் குறியை அவர் தூக்குக் கயிற்றால் வரைந்தார். நோட்டின் குறுக்கே தூக்கிலே தொங்கும் ஆண்களும் பெண்களும். பிரித்தானியத் தாய் தன் பிள்ளையையே தின்றுகொண்டிருந்தாள். வங்கி அதிகாரியின் கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் அலுகோசின் பெயர். சிறு பிழைக்காகப் பெண்கள் தூக்கிலே தொங்கக் கண்ட கொதிப்பில் வரைந்த படம் அது. வாங்கக் கூடிய சனத்தால் தெருவே அடைபட்டதாம்.

அதே ஆண்டில் கலைக் கழகம் என்னும் அறிஞர் சபை, கள்ள நோட்டைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நுண்ணிய சித்திர வேலைப்பாடும் பலவகைச் செதுக்கும் ஒருங்கே அமைந்த நோட்டைப் போலி செய்வது கடினம் என்பது அதன் சாரம். அமெரிக்காவிலிருந்து யாக்கொப் பேர்க்கின்ஸ் என்னும் நிபுணர் உருக்குத் தகட்டுச் செதுக்கு முறையோடு இலண்டனுக்கே வந்து சேர்ந்தார். வங்கி யோசனைகளைக் கேட்டது, ஆராய்ந்தது, ஆனால் பழைய நோட்டைக் கைவிடவில்லை. பேர்க்கின்சின் கம்பனியே பின்னர் 1840ஆம் ஆண்டில் உலகின் முதலாவது தபால் முத்திரையை அச்சிட்டது. தபால் முத்திரைக்குக் கிடைத்த காவல், உயிர்கள் ஊசலாடிய ஒரு பவுண் நோட்டுக்குக் கிடைக்கவில்லை!

1821ஆம் ஆண்டில் வங்கி மீண்டும் பொன் கொடுக்கத் தொடங்கிச் சிறு நோட்டுக்களை மீட்டுக்கொண்டது. 1829ஆம் ஆண்டுக்குப் பின் இக்குற்றத்துக்காக இங்கிலாந்தில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால், வெள்ளைத் தாளும் கறுப்பு மையும் போயினவா? இல்லை. 5 பவுண் நோட்டு அதே கோலத்தில் நூறாண்டுக்கு மேலாக நின்று நிலைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் நாசிகள் சாக்சன்கௌசன் சிறைமுகாமில் யூதக் கைதிகளைக் கொண்டு இந்த வெள்ளை நோட்டுக்களையே இலட்சக்கணக்கிற் போலி செய்தார்கள். வங்கி 1943ஆம் ஆண்டில் 10 பவுணும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டுக்களை வெளியிடுவதை நிறுத்த நேர்ந்தது. 1957ஆம் ஆண்டில், நீல வண்ணமும் இருபக்க அச்சும் பாதுகாப்பு இழையும் கொண்ட புதிய 5 பவுண் நோட்டு வந்த பின்பே அந்த வெள்ளை நோட்டின் ஆட்சி முடிவுற்றது.

நாடு கடத்தப்பட்டவர் நோட்டில் ஏறினார்

நாடு கடத்தப்பட்டோரைப் பற்றிச் சொன்னோமல்லவா? அவர்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்ட தேசம் அவுஸ்திரேலியா. அங்கே போனவர்களுள் பிரான்சிஸ் கிறீன்வே என்னும் கட்டிடக் கலைஞரும் ஒருவர். அவர் போலி செய்தது வங்கி நோட்டையன்று, ஒப்பந்தப் பத்திரமொன்றை. 1812ஆம் ஆண்டில் மரணதண்டனை விதிக்கப்பட்டு, அது 14 ஆண்டு நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. சிட்னி நகரின் புகழ்பெற்ற கட்டிடங்கள் சில அந்தக் கைதியின் கைவண்ணமே.

1966ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் அவுஸ்திரேலியா பவுணைக் கைவிட்டு டொலருக்கு மாறியது. புதிய 10 டொலர் நோட்டிலே கிறீன்வேயின் உருவம் இடம்பெற்றது. போலிப் பத்திரம் எழுதித் தண்டனை பெற்றவரின் முகத்தை ஒரு நாடு தன் நோட்டிலே பொறித்தது! அந்த ஆண்டு முடியுமுன்னரே விதி நகைத்தது போல, அந்த 10 டொலர் நோட்டுக்கே போலி வந்து சேர்ந்தது.

அந்த நோட்டிலே நீர்க்குறி இல்லையா? இருந்தது. உலோக இழை இல்லையா? அதுவும் இருந்தது. ஆனால் நோட்டோ புதிது, மக்களுக்குப் பழக்கமில்லாதது. நல்லது எப்படியிருக்குமென்று சரிவர அறியாதவன் பொல்லாததை எப்படி அறிவான்? தோழர்களே, இந்த இடத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய நோட்டு வெளிவரும் காலமே கள்ளனுக்கு விளைச்சற் காலம். மக்களுக்குக் கற்பிக்காமல் நோட்டை மட்டும் மாற்றுவது, பூட்டை மாற்றிவிட்டுத் திறப்பை வாசலிலே வைப்பதற்கு ஒப்பாகும்.

அப்போது அந்நாட்டு மத்திய வங்கியின் ஆளுநராக இருந்தவர் கூம்ஸ் என்பவர். அவர் நாடியது அலுகோசையன்று, விஞ்ஞானிகளை. 1968ஆம் ஆண்டில் அரசின் விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து வேலை தொடங்கிற்று. டேவிட் சொலமன் என்னும் இரசாயன அறிஞர் அதில் முன்னின்றார்.

அவர்கள் சிந்தித்த முறை வியக்கத்தக்கது. நோட்டு எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டாலும் புகைப்படக் கருவி அதைப் பிடித்துவிடும். நாளை வண்ணப் பிரதி எடுக்கும் இயந்திரமும் வந்துவிடும். எனவே, புகைப்படத்திற் பிடிபடாத ஒன்றை நோட்டிலே வைக்க வேண்டும். சாய்க்கச் சாய்க்க உருமாறும் சித்திரத்தைப் படம் பிடிக்க முடியாது; ஒளி ஊடுருவும் சாளரத்தைப் பிரதி எடுக்க முடியாது. காகிதத்திலே சாளரம் வைப்பது எப்படி? வைக்க முடியாதென்றால் காகிதத்தையே மாற்றிவிடுவோம் என்றார்கள். பொலிப்புறொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கில் மெல்லிய தாள் செய்தார்கள். அதன் இருபுறமும் வெண்மை பூசி, ஓரிடத்தைப் பூசாது விட்டார்கள். அதுவே சாளரம்.

இது ஓரிரவில் முடிந்த வேலையன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! 1988ஆம் ஆண்டு ஜனவரியில், ஐரோப்பியர் அங்கு குடியேறிய இருநூறாம் ஆண்டு நினைவாக, முதலாவது பிளாஸ்டிக் நோட்டு வெளிவந்தது. அதுவும் 10 டொலர் நோட்டே. 1992ஆம் ஆண்டு தொடங்கி 1996ஆம் ஆண்டுக்குள் எல்லா நோட்டுக்களும் பிளாஸ்டிக்கில் வந்தன. உலகில் முதன்முதல் அவ்வாறு செய்த நாடு அதுவே. செய்யும் செலவு காகித நோட்டினும் அதிகம். ஆனால், அதனினும் பல மடங்கு காலம் உழைப்பதால் அந்தச் செலவு ஈடுசெய்யப்படுகிறது.

சாளரத்தின் பெருமை யாது? அதனைப் பார்க்க விளக்கும் வேண்டாம், பூதக்கண்ணாடியும் வேண்டாம், பரிசோதகரும் வேண்டாம். நோட்டின் ஊடாக மறுபக்கம் தெரிகிறதா என்று சந்தையிலே இருக்கும் ஆச்சியும் பார்த்துக்கொள்ளலாம். நாம் முதலிற் சொன்ன கடமை இங்கேதான் நிறைவேறுகிறது. காவல் வங்கியின் இரும்பறையிலிருந்து இறங்கி மக்களின் விரல்நுனிக்கு வந்துவிட்டது.

சக்கரம் முழுதாய்ச் சுற்றியதையும் சொல்லிவிடுவோம். 2016ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் இங்கிலாந்து வங்கி தன் முதலாவது பிளாஸ்டிக் நோட்டை வெளியிட்டது. கள்ள நோட்டு வைத்திருந்தாரென்று எந்தக் கரைக்கு ஏழைகளைக் கப்பலேற்றினார்களோ, அந்தக் கரையிலே பிறந்த வித்தையே இலண்டன் வங்கியின் நோட்டுக்கும் காவலாயிற்று!

மாற்றுவதிலும் நீதி வேண்டும்

நோட்டை மாற்றுவது நல்லதென்றோம். எப்படி மாற்றுவதும் நல்லதென்று சொல்லவில்லை.

இங்கிலாந்து வங்கி பழைய நோட்டை மீட்கும்போது காலக்கெடு அறிவிக்கிறது. கெடு கடந்தபின் கடையிலே அது செல்லாது. ஆனால், அந்த வங்கியிடம் கொடுத்து அதன் முழுப் பெறுமதியையும் எக்காலத்திலும் பெறலாம். ஒரு காலத்தில் அலுகோசை நம்பியிருந்த வங்கி கற்றுக்கொண்ட மரியாதை இது.

இதற்கு எதிரிடையாக, நமது அயல் நாடான இந்தியாவில் 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் நிகழ்ந்ததை அறிவீர்கள். 500 ரூபா, 1000 ரூபா நோட்டுக்கள் அன்று நள்ளிரவு முதல் செல்லாவென்று இரவிலே அறிவிப்பு வந்தது. புழக்கத்திலிருந்த நோட்டுக்களின் பெறுமதியில் நூற்றுக்கு 86 பங்கு அவை. கறுப்புப் பணத்தோடு கள்ள நோட்டையும் ஒழிப்பதே நோக்கமென்றார்கள். தம் சொந்தக் காசை மாற்றுவதற்குக் கூலித் தொழிலாளரும் முதியோரும் நாட்கணக்கில் வங்கி வாசலிற் கால்கடுக்க நின்றார்கள். முடிவில், செல்லாதாக்கிய நோட்டுக்களில் நூற்றுக்கு 99.3 பங்கு திரும்பி வந்துவிட்டதென்று இந்திய ரிசேர்வ் வங்கியே அறிவித்தது. கள்ளனைப் பிடிக்க விரித்த வலையிலே துடித்தவர்கள் நல்ல நோட்டு வைத்திருந்த ஏழைகளே.

எமது நாட்டிலே

இலங்கையும் இந்த வழியில் ஓர் அடி வைத்ததுண்டு. சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக, 1998ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் வெளிவந்த 200 ரூபா நோட்டுப் பிளாஸ்டிக் நோட்டே. அவுஸ்திரேலியாவில் அச்சானது. உங்களிற் சிலர் அதனைக் கையாற் தொட்டிருப்பீர்கள். சிலர் பெட்டியிலே பத்திரமாக வைத்திருக்கவும் கூடும். 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த புதிய தொடரோ மீண்டும் காகிதத்திலேயே வந்தது. நடனக்காரரும் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் பொறித்த இந்த நோட்டுக்களில் நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் விரலுக்குத் தட்டுப்படும் புடைத்த அச்சும் உண்டு.

காகிதமா பிளாஸ்டிக்கா என்று வழக்காட நாம் இங்கு வரவில்லை. எந்தப் பொருளாலே செய்தாலும் மூன்று விடயங்களை நாம் வேண்டுகின்றோம்.

முதலாவது: புதிய நோட்டு வெளிவருமுன் அதனைப் பற்றிய அறிவு வெளிவர வேண்டும். நோட்டிலே சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் இருக்கின்றன. அதுபோல, நல்ல நோட்டை அறியும் வழியும் மும்மொழியிலும் சந்தைக்கும் மீன்பிடித் துறைக்கும் தோட்டத்து லயத்துக்கும் சென்று சேர வேண்டும். வங்கிச் சுவரில் ஒட்டிய விளம்பரம், வங்கிக்குப் போகாதவளுக்கு என்ன பயன் தரும்?

இரண்டாவது: பார்வையற்றோர் தடவியறியும் குறிகள் நோட்டுப் பழசானபின்னும் தேய்ந்துபோகாதவையாய் இருக்க வேண்டும். கண்ணுள்ளவரையே ஏமாற்றும் கள்ளன் கண்ணில்லாதவரை விட்டுவைப்பானா?

மூன்றாவது: பழைய நோட்டை மீட்கும்போது அவகாசம் தாராளமாயிருக்க வேண்டும். போராலும் இடப்பெயர்வாலும் வீட்டையும் பெட்டியையும் விட்டு ஓடிய மக்கள் நாம். காலங்கடந்து கைக்குத் திரும்பும் காசு, செல்லாக் காசாகிவிடக் கூடாது.

அரசின் கடமையைச் சொன்னோம்; எமது கடமையையும் சொல்லியாக வேண்டும். நோட்டை வாங்கியவுடன் மடியிலே செருகாதீர்கள். வெளிச்சத்திலே பிடித்துப் பாருங்கள்; நீர்க்குறி தோன்ற வேண்டும். விரலாற் தடவுங்கள், அச்சுப் புடைத்திருக்க வேண்டும். சாய்த்துப் பாருங்கள்; இழை ஒளிர வேண்டும். ஐயமிருந்தால் நல்ல நோட்டொன்றோடு ஒப்பிடுங்கள். இவ்வாறு பார்ப்பது காசு தருபவரை அவமதிப்பதாகாது. அத்தோடு, ஏமாந்து கள்ள நோட்டைப் பெற்றுவிட்டால், “என்னை ஏமாற்றினார்கள், நானும் ஒருவரை ஏமாற்றிவிடுகிறேன்” என்று எண்ணாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அதனினும் மேலாக, உங்கள் கையிலிருந்து அதைப் பெறுபவரும் உங்களைப் போன்ற ஓர் ஏழையாகவே இருப்பார்.

தமிழிலே நாணயம் என்னும் சொல்லுக்குக் காசு என்றும் பொருள். நேர்மை என்றும் பொருள். கொடுப்பவரின் நேர்மையை நம்பியே வாங்குபவர் காசை ஏற்கிறார். நோட்டிலே ஒப்பமிடும் அரசு அந்த நம்பிக்கையைக் காக்கத் தன்னால் இயன்றதையெல்லாம் செய்யக் கடமைப்பட்டது. ஆச்சியின் மடியிலிருக்கும் நோட்டு நல்ல நோட்டுத்தானென்று ஆச்சியே அறிந்து சொல்லக்கூடிய நாளே, நோட்டை மாற்றியதன் பயனை நாம் முழுமையாய்ப் பெற்ற நாளாகும்.